புதுப்பிப்பு: கடலூர் மெஷின்கள் கனெக்ட் ஆகிவிட்டன

புதுச்சேரி ஆபீஸ் ஜேமீட்டரிலிருந்து (சர்வர் எவ்வளவு லோடு தாங்கும் என்று சோதிக்கும் டூல்) விபிஎன் வழியாகக் கடலூர் மெஷின்களை ஓடவிட்டால், கீஸ்டோர் ஃபைல் (சான்றிதழும் சாவியும் இருக்கும் ஃபைல்) இல்லை என்று எரர் வருகிறது எனக் கேட்டிருந்தேனே, அது தீர்ந்தது.

ஜேமீட்டர் 4.0 முதல் ஆர்எம்ஐ இணைப்புக்கு (மெஷின்கள் தங்களுக்குள் பேசும் வழி) எஸ்எஸ்எல், அதாவது மறையாக்கம், தானாகவே ஆன்; அதற்குத்தான் கீஸ்டோர் வேண்டும். "ஆஃப் பண்ணிடுங்க ப்ரோ" என்று சிலர் சொன்னீர்கள். வேலை முடியும்தான், ஆனால் டெஸ்ட் பிளானோடு லாகின் பாஸ்வேர்டும் போகிறதே! ஜேமீட்டரின் bin ஃபோல்டரிலேயே கீஸ்டோர் உருவாக்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஒரே இடத்தில் ஓட்டி, வந்த ஃபைலை எல்லா மெஷினிலும் போட்டேன். அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் வெறும் 7 நாள். ஸ்கிரிப்டைத் திறந்து நாள் கணக்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் ஃபயர்வால் படுத்தியது. கடலூர் பக்கம் 1099 போர்ட்டும் (முதலில் இணையும் வாசல்) எஞ்சின் போர்ட்டும் (டெஸ்ட்டை ஓட்டும் பகுதியின் வாசல்) திறந்தாயிற்று. ஆனாலும் ரிசல்ட் வரவில்லை. காரணம், ரிசல்ட்டை அந்த மெஷின்கள்தான் நம் பக்கம் திருப்பி அனுப்புகின்றன, அந்த போர்ட் ஒவ்வொரு தடவையும் மாறும். புதுச்சேரி ஜேமீட்டரில் கிளையன்ட் லோக்கல்போர்ட்டை (client.rmi.localport) 4000 என்று கட்டிப்போட்டு, இங்கே 4000 முதல் 4002 வரை திறந்ததும் மளமளவென்று வந்தது.

இன்னொன்று: பிளானில் 100 யூசர் என்றால் மெஷினுக்கு 100. மூன்று மெஷின் ஓடினால் சர்வர்மேல் 300 விழும்.