அலகு சேர்த்தால் கணக்கு நகரவே மாட்டேன் என்கிறது: என் அனுபவம்

வைகை அணைக்கு வந்த தண்ணீர், திறந்துவிட்ட தண்ணீர், மணிக்கு ஒரு வரி வீதம் பத்து வருடத் தரவு. மொத்தம் 87 ஆயிரத்துச் சொச்சம் வரிகள். இருப்பு எப்படிக் கூடிக் குறைந்தது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விநாடிக்கு இத்தனை கன அடி, இத்தனை மணி நேரம் என்று ஒவ்வோர் எண்ணுக்கும் அலகு ஒட்டிக் கணினி நிரலை ஓடவிட்டேன். கோரிப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு வந்தேன், ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன், அப்போதும் முடியவில்லை. அலகை எடுத்துவிட்டு வெறும் எண்ணாகக் கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் விடை வருகிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. அலகு ஒட்டிய ஒவ்வோர் எண்ணும் தனித்தனிப் பொட்டலம். ஒவ்வொரு கூட்டலுக்கும் மென்பொருள் இரண்டு பொட்டலத்தையும் பிரித்து, இதையும் அதையும் கூட்டலாமா, எதையாவது மாற்ற வேண்டுமா என்று பார்த்து, கூட்டி, மறுபடி கட்டி வைக்கிறது. வெறும் எண்கள் என்றால் நினைவகத்தில் வரிசையாக அடுக்கி ஒரே மூச்சில் முடித்துவிடும்.

கடுப்பில் அலகையே தூக்கிப் போட்டேன், அதுதான் பெரிய தப்பு. ஒரு வருடக் கோப்பில் மட்டும் வெளியேற்றம் கன மீட்டரில் இருந்தது. 1 கன மீட்டர் என்பது 35.3 கன அடி, அதனால் அந்த வருடம் அணை கொள்ளளவையும் தாண்டி நிரம்பிக்கொண்டே போனது! கோப்பின் தலைப்பைப் பார்த்து அலகு ஒட்டிய முதல் நிரலில் இது தானாகச் சரியாகியிருக்கும். 1999இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் விண்கலம் தொலைந்ததும் இப்படி அலகு மாறியதால்தானே.

இப்போது கோப்பைப் படிக்கும்போதே அலகு பார்த்து, மொத்த நெடுவரிசையையும் ஒரே தடவை கன அடிக்கு மாற்றி, உள்ளே வெறும் எண்ணால் கணக்கிட்டு, கடைசியில் அலகை ஒட்டுகிறேன். அதோடு ஒரு நாளின் 24 வரிகளை முழு அலகோடும் ஓட்டி ஒப்பிடுகிறேன்: விநாடிக்கு 1,000 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 86.4 மில்லியன் கன அடி வந்தே ஆக வேண்டும்.

*

(இதற்கு வந்த ஒரு பதில்) அண்ணே, பைதான் நிரல்மொழியில் அலகு ஒட்ட உதவும் பிண்ட் என்ற தொகுப்பை வைத்து நானும் இதே பாடு பட்டேன். எண்ணுக்கு ஓர் அலகு என்று ஒட்டாமல் நம்பை (NumPy, எண்களை வரிசையாக அடுக்கிக் கணக்கிடும் தொகுப்பு) வரிசை முழுவதுக்கும் சேர்த்து ஒரே அலகாக ஒட்டிப் பாருங்கள், சோதனை ஒரு தடவைதான் நடக்கும். ஜூலியா என்ற நிரல்மொழியில் யூனிட்ஃபுல் என்ற அலகுத் தொகுப்பு இருக்கிறது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போதே அலகு வேலையை முடித்துவிடுவதால் ஓடும்போது சுமை கிட்டத்தட்ட இல்லை. அந்த ஒரு வருடக் கோப்பை மட்டும் அனுப்புங்கள், நான் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.