புராஸ்டேட் ஊசி போட்ட பொறவு அப்பாவுக்கு வயிறும் சுகரும் ஏறுது, என்ன செய்யணும்?

அம்பை மகன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயசு 69, அம்பாசமுத்திரம் பக்கம் காலம்பூரா வயக்காட்டு வேலதான். போன வருசம் புராஸ்டேட் கேன்சர்னு தெரிஞ்சு கரண்ட் (ரேடியேஷன்) வச்சாச்சு, கூடவே 3 மாசத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி, இதுவரைக்கும் 3 போட்டாச்சு. பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்குப் பாக்குத ரத்த டெஸ்ட்) நல்லா எறங்கிட்டு, அதுல நிம்மதிதான். ஆனா வெயிட் 61ல இருந்து 68 ஆயிட்டு, கை கால் மெலிஞ்சு வயிறு மட்டும் முன்னால வந்துட்டு, அரணாக்கயிறு இறுக்குதுன்னு போன வாரம் அம்மா அவுத்து லூசா கட்டிவிட்டா. வெறும் வயித்துல சுகர் 98 இருந்தது இப்ப 134. ராத்திரி 2 மணிக்கு ஒடம்பு தீயா எரியுதுன்னு சட்டையக் கழத்திப் போட்டுட்டு திண்ணையில உக்காந்திருக்காவ, வேர்த்துக் கொட்டி அடுத்த நிமிசம் குளுருதுங்காவ. நெல்லு மூட்டைய ஒத்தையா தூக்குன மனுசன். சொந்தக்காரவ "உக்காந்து தின்னா இப்படித்தான்"னு சொல்லவும் மனசு விட்டுப்போயி, அடுத்த ஊசியே வேண்டாம்னு ஒத்தக்கால்ல நிக்காவ. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வண்ணார்பேட்டை பெரியவர்:
தம்பி, எனக்கு ரெண்டு வருசமா இதே ஊசிதான். மொதல்ல அந்த சொந்தக்காரவ வாய அடைங்க, அது தின்னு வந்த வயிறு இல்ல, மருந்து பண்ணுத வேல. நானும் அப்பா மாதிரி சோந்துபோய் கெடந்தேன். நான் செஞ்ச தப்பு ஒண்ணு சொல்லுதேன், சீனிய நிறுத்திட்டு கருப்பட்டி காப்பி நாளைக்கு 4 டம்ளர் குடிச்சேன், கருப்பட்டி ஒண்ணும் செய்யாதுன்னு நெனப்பு. அதுவும் சர்க்கரைதான், 3 மாசத்துல தெரிஞ்சுட்டு. உளுந்தங்களியும் அப்படித்தான், உளுந்து நல்லதுதான், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேந்தா கணக்கு மாறிரும். இப்ப மத்தியானம் சோறு பாதி, மீதிக்கு சாளை மீனோ அவிச்ச முட்டையோ சிறுபயறோ. சாயந்திரம் வ.உ.சி. மைதானத்துல நட. ஆனா நட மட்டும் போதாது தம்பி, சதைக்கு வேல குடுக்கணும். நான் நாற்காலியில கைய ஊனாம உக்காந்து எந்திரிக்கேன், 10 தடவ, கொஞ்சம் ஓய்வு, திரும்பவும் 10. மொத நாள் 4க்கு மேல முடியல, தொட நடுங்கிட்டு.

பாளை நர்ஸ்:
அண்ணாச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரி. புராஸ்டேட் கேன்சருக்குத் தீனி டெஸ்டோஸ்டிரான்ங்கிற ஆம்பள ஹார்மோன்தான், ஊசி அத கிட்டத்தட்ட அடியோட நிறுத்துது. அதே ஹார்மோன்தான் சதையையும் எலும்பையும் தாங்கிட்டு இருந்தது. சதை கொறஞ்சு கொழுப்பு ஏறுனா இன்சுலின் சரியா வேல செய்யாது, ஊசி ஆரம்பிச்ச மொத சில மாசத்துலயே இது தொடங்கிரும். வெறும் வயித்துல 126ஓ அதுக்கு மேலயோ ரெண்டு தடவ வந்தா அது சர்க்கரை நோய்தான் தம்பி, அதனால எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர் காட்டுத ரத்த டெஸ்ட்) பாத்துட்டு டாக்டர்ட்ட போங்க, மாத்திர வேணுமான்னு அவங்க சொல்லுவாங்க. கொழுப்பு டெஸ்ட், பிரஷர் ரெண்டும் விட்ராதீங்க, இந்த ஊசி போடுதவங்களுக்கு இருதயத்தையும் சேத்துப் பாக்கணும். எலும்புக்கு டெக்ஸா ஸ்கேன் கேளுங்க, கால்சியம், வைட்டமின் டி மாத்திரய நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க, கிட்னியில கல்லு பிரச்சன இருந்தா அளவு மாறும். அபிராடிரோன்னு இதே கேன்சருக்கு ஒரு மாத்திர, அதையும் சேத்துக் குடுக்காவளா? அது கூட வர ஸ்டீராய்டும் சுகர ஏத்தும். கேன்சர் எலும்புக்குப் பரவியிருந்தா கனம் தூக்குத பயிற்சி டாக்டர்ட்ட கேக்காம வேண்டாம். ராத்திரி எரிச்சலுக்கும் மருந்து இருக்கு, கூச்சப்படாம சொல்லச் சொல்லுங்க, நெறய அப்பாமாரு இத வாயத் தொறந்து சொல்லவே மாட்டாவ. ஊசிய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க, எத்தன மாசம்ங்கிறத டாக்டர்ட்ட நேராவே கேளுங்க.

அம்பை மகன்:
அண்ணாச்சி, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அபிராடிரோன் இல்ல, ஊசி மட்டும்தான், எலும்புல ஒண்ணும் இல்லன்னுட்டாவ. அண்ணாச்சி எழுதுனத அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், "தின்னு வந்த வயிறு இல்ல"ங்கிற எடத்துல திரும்ப வாசின்னாவ. பொறவு அவங்களா நாற்காலிய இழுத்துப் போட்டு 6 தடவ எந்திரிச்சாவ, அம்மா பக்கத்துலயே கைய நீட்டிட்டு நின்னா. எச்பிஏ1சிக்கு நாளைக்குக் காலையில ரத்தம் குடுக்கப் போறோம். ஊசிக்கு இன்னும் 12 நாள் இருக்கு, வாரேன்னு சொல்லியிருக்காவ.