பிட்புல் வளர்த்தால் கருத்தடை கட்டாயமா?

மழைக்காகம்:
சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபோகிறோம், கூடவே எங்கள் இரண்டு வயது பிட்புல் கலப்பின நாயும் வருகிறான். அங்கே இந்த இனத்துக்குக் கருத்தடை செய்தே ஆகவேண்டும் என்கிறார்கள், உண்மையா? லாப்ரடாருக்கு இல்லாத சட்டம் இவனுக்கு மட்டும் ஏன்?

கடலோரன்:
உண்மைதான். 2005 ஜூனில் அந்த ஊரில் 12 வயதுப் பையன் ஒருவனை வீட்டில் வளர்த்த பிட்புல் நாய்களே கடித்துக் கொன்றுவிட்டன, அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. கலிஃபோர்னியாவில் இனத்தை மட்டும் வைத்து ஒரு நாயை ஆபத்தானது என்று அறிவிக்க நகர நிர்வாகங்களுக்கு அதிகாரம் கிடையாது. அதே ஆண்டு மாநிலச் சட்டத்தைத் திருத்தி, கருத்தடைக்கும் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டுக்கும் மட்டும் வழிவிட்டார்கள். அமெரிக்கன் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர், அப்புறம் இந்தச் சாயல் தூக்கலாகத் தெரியும் கலப்புகளும் சேர்த்தி.

பழையசோறு:
சாயலாம்! தலை பெரிதாக இருந்தால் பிட்புல், அவ்வளவுதான். கடிப்பதும் கடிக்காததும் வளர்ப்பில் இருக்கிறது அண்ணா.

கடலோரன்:
சரி தம்பி, ஆனால் அங்குள்ள காப்பகங்களில் தத்தெடுக்க ஆளில்லாமல் கிடப்பவற்றில் இந்த இனம் நிறைய. குட்டிகள் குறைவது நாய்களுக்கும் நல்லதுதானே?

வாலாட்டி:
அறுவை சிகிச்சை உடம்புக்கு ஆகாது என்று கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு, போட்டிக் கண்காட்சி நாய்களுக்கும் உண்டு. வீடு பார்க்கும்போதே நாயைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், சட்டத்தைச் சமாளித்துவிடலாம், வீட்டுக்காரரைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.