ஆர்டினல் படத்தை லைட்னிங் சேனலில் அனுப்ப முடியுமா?

அல்சூர்வாசி:
வணக்கம். ஜனவரியில் இங்கே பெங்களூர் குமாரகிருபா ரோடு சித்திரச் சந்தைக்கு வருகிறவர்களிடம் என் படங்களை ஆர்டினலாகவும், அதாவது பிட்காயினின் மிகச் சிறிய அலகான சடோஷி (சாட்) ஒன்றில் பதித்தும், விற்கப் போகிறேன். ஒவ்வொன்றும் 546 சாட் உள்ள யூடிஎக்ஸ்ஓவில் (இன்னும் செலவழிக்காத பிட்காயின் துண்டு), முதல் சடோஷியில் இருக்கிறது. பணம் லைட்னிங்கில்தான் வரும் (இருவர் பிட்காயினைப் பூட்டித் திறக்கும் சேனல்கள் வழியே, பொதுப் பதிவேடான செயினில் பதியாமல் பணம் அனுப்பும் வலை). படத்தையும் அதே சேனலில் அனுப்ப வழி உண்டா?

முடிச்சு:
இல்லைங்க. மணியார்டரில் நீங்கள் கட்டிய அதே நோட்டா ஊருக்குப் போகிறது? லைட்னிங்கும் அப்படித்தான். ஒரு பக்கம் இருப்பு குறையும், மறுபக்கம் கூடும். எந்த சடோஷி யாருடையது என்ற கணக்கே கிடையாது.

அந்த யூடிஎக்ஸ்ஓவைப் போட்டு சேனல் மட்டும் திறந்துவிடாதீர்கள். ஃபோர்ஸ் க்ளோஸ் ஆனால் (ஒருவரே தனியாகச் சேனலை மூடினால்), பணம் பிரிந்து போகும் அவுட்புட்கள் சிறிய தொகையிலிருந்து வரிசையாகும். முதலில் நிற்பது 330 சாட் ஆங்கர், அதாவது மூடும்போது கட்டணத்தை ஏற்ற உதவும் சிறு அவுட்புட். ஃபண்டிங்கின் (சேனலில் போட்ட பணத்தின்) முதல் சடோஷி அதில்தான் போய் விழும். 16 பிளாக் (செயினில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒன்றாகச் சேரும் பதிவுத் தொகுதி) கழிந்தால் அந்த ஆங்கரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

படம் செயினில் இருக்கட்டும், பணம் லைட்னிங்கில் வரட்டும். இரண்டையும் ஒரே ஹாஷில் கட்டுங்கள். 32 பைட் ப்ரீஇமேஜ் (ரகசிய எண்) ஒன்றை உருவாக்கி, அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷில் (ரகசியத்தைக் காட்டாமலே அதை அடையாளம் காட்டும் எண்) இன்வாய்ஸ் போடுங்கள். படத்தைப் பூட்டு முகவரிக்கு அனுப்புங்கள்: ப்ரீஇமேஜோடு வாங்குபவர் கையெழுத்து இருந்தால் அவருக்கு, 432 பிளாக் தாண்டினால் திரும்ப உங்களுக்கு. அவர் பூட்டின் நிபந்தனைகள் எழுதிய ஸ்கிரிப்டைச் சரிபார்த்து, பூட்டியது செயினில் கன்ஃபர்ம் ஆன பிறகுதான் பணம் கட்ட வேண்டும். நீங்கள் பணத்தை எடுத்ததும் ப்ரீஇமேஜ் அவர் கைக்குப் போய்விடும்.

அல்சூர்வாசி:
432 பிளாக் என்றால் 3 நாள். 144 போதாதா?

முடிச்சு:
போதாது. வாங்குபவர் மாட்டிக்கொள்வார். எல்என்டி (ஒரு லைட்னிங் மென்பொருள்) நோடுகள், அதாவது பணத்தைக் கடத்தும் கணினிகள், வழக்கமாக ஒரு ஹாப்புக்கு (ஒரு தாவலுக்கு) 80 பிளாக் கெடு கூட்டும். நடுவில் 2 நோடு, கடைசியில் 18 என்றால் 178. விற்பவரே நடு நோடுகளையும் நடத்தினால், அதுவரை பணத்தை எடுக்காமல் தொங்கவிடலாம். 144 தாண்டியதும் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 170இல் பணத்தையும் எடுத்தால்? அதனால் வாங்குபவர் பணம் கட்டும்போதே சிஎல்டிவி லிமிட்டை (பணம் தொங்கக்கூடிய அதிகபட்ச பிளாக்குகள்) 200 என்று வைக்கச் சொல்லுங்கள். மீதி பிளாக்குகள் அவர் படத்தை எடுக்க. 432 பிளாக் கெடு தாண்டினால் இரண்டு பேருமே எடுக்கலாம், யார் முந்துகிறாரோ அவருக்கு. எனவே ப்ரீஇமேஜ் கிடைத்த உடனே எடுத்துவிட வேண்டும், கட்டணம் குறையட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மல்லேஸ்வரம் கணக்கர்:
ஒன்று விட்டுப்போச்சு. பூட்டும்போதும் எடுக்கும்போதும் படம் உள்ள யூடிஎக்ஸ்ஓ முதல் இன்புட்டாகவும், 546 சாட் முதல் அவுட்புட்டாகவும் இருக்கணும். கட்டணத்துக்குத் தனி யூடிஎக்ஸ்ஓ. வரிசை மாறினால் படம் சில்லறையோடு போய்விடும், இல்லை பிளாக்கைச் சேர்க்கும் மைனருக்குக் கட்டணமாகிவிடும். ஸ்பாரோ வாலட்டில் பட யூடிஎக்ஸ்ஓக்களை முதலிலேயே ஃப்ரீஸ் செய்து வையுங்கள்.

வரி: பிட்காயின் கொடுத்துப் படம் வாங்குவது ஒரு விடிஏவுக்கு (மெய்நிகர் டிஜிட்டல் சொத்து) இன்னொரு விடிஏ. 2022 ஜூலை 1 முதல் உள்ள 1% டிடிஎஸ்ஸை இரு பக்கத்துக்கும் பார்க்கணும். ஒவ்வொரு விற்பனைக்கும் அன்றைய ரூபாய் மதிப்பு, இன்வாய்ஸ், டிரான்சாக்ஷன் ஐடி மூன்றையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். லைட்னிங் பணம் செயினில் தெரியாது, பின்னால் தேடினாலும் கிடைக்காது.