வொர்க்புளோவுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் முடிவு வேண்டும்

கிளிநொச்சி, கைந்நூல் தொகுப்பு:
எல்லோருக்கும் வணக்கம். கமக்காரர் அமைப்புச் செயலாளர்களுக்கான கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பில் ஒரு சொல் இடிக்கிறது. இதுவரை காலபோக நெற்செய்கை விபரத்தைக் கொப்பியில் எழுதி, படம் பிடித்து, வட்ஸ்அப்பில் அனுப்பி, அதை இன்னொருவர் எக்செலில் திரும்ப அடிப்பதுதான் வழக்கம். இனிச் செயலாளர் வயலில் நின்றே கோபோ என்ற தரவு சேகரிப்புச் செயலியின் படிவத்தில் பெயர், ஏக்கர், விதைநெல் எல்லாவற்றையும் பதிவார். சிக்னல் இல்லாவிட்டால் படிவம் தொலைபேசியிலேயே காத்திருந்து, கிடைத்ததும் போய்ச் சேரும். பிறகு அதை இறக்கி கூகிள் சீட்டில் போடுவோம். தலைவர் பார்ப்பார், பிழையென்றால் திருப்பி அனுப்புவார். சரியென்றால் பட்டியல் கமநல சேவை நிலையத்துக்குப் போகும். ஆங்கிலத்தில் வொர்க்புளோ எனப்படும் இந்த முழுப் போக்குக்கும் மொழிபெயர்ப்பாளர் 'பணிப்பாய்வு' என்று போட்டிருக்கிறார். விடலாமா?

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
விடக்கூடாது. பாய்வதற்குப் பணி என்ன புலியா? நம்மிடம் 'ஒழுகு' என்ற அருமையான வேர் இருக்கிறது. ஒழுங்கு, ஒழுக்கம், ஒழுகல் எல்லாம் அதிலிருந்து வந்தவை. இடையறாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதே ஒழுகுதல். வரிசையாகப் போகும் வண்டிகளுக்குச் சங்க காலத்தில் ஒழுகை என்று பெயர். புறநானூற்றில் பாரிமகளிர் குப்பைமேட்டில் ஏறி எண்ணியது உமணரின் உப்பு வண்டி ஒழுகையைத்தானே? ஒரு வண்டியின் பின்னால் அடுத்த வண்டி, ஒரு வேலையின் பின்னால் அடுத்த வேலை. ஆகவே 'பணியொழுகை'. ஆனையிறவு உப்பளத்தைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? இதுபற்றி நான் தொகுத்த சொற்பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

மாங்குளம், கணினிப் பயிற்றுநர்:
ஐயா, உமணர் வண்டி அழகுதான். ஆனால் மாரியில் கூரை ஒழுகிய வீட்டில் வளர்ந்தவனுக்கு 'ஒழுகை' என்றால் வாளியை எங்கே வைப்பது என்ற நினைப்புத்தான் வரும். 'பணியொழுக்கம்' என்று மாற்றினால் இன்னும் மோசம், எழுதுவினைஞர் எல்லோரும் ஒழுக்காற்று விசாரணை என்று பயந்துவிடுவார்கள்.

உங்கள் சொற்பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது. என் தொலைபேசியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது. பாமினியில் அடித்தது கணினிக்கு உள்ளே ஆங்கில எழுத்துத்தான், எழுத்துரு இருந்தால் மட்டுமே தமிழாகத் தோன்றும். யூனிகோடில் ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது, அகரவரிசையும் சரியாக வராது. இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, ஒட்டினால் யூனிகோடாகிவிடும். கைந்நூலில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சங்கங்களின் பழைய பட்டியல்களிலும் பாதி பாமினிதான்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
எழுத்துருவை மாற்றித் தருகிறேன், வேரை மாற்ற மாட்டேன். தம்பிக்கு இன்னொன்று: 'மாற்றி' என்பது வினையெச்சமாகவும் நிற்கும். அதனால் 'மாற்றுநர்' என்றால்

கிளிநொச்சி, கைந்நூல் தொகுப்பு:
ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மாற்றி, மாற்றுநர், கணினி, கணனி எதையும் இந்த இழையில் தொடங்க வேண்டாம். கணனிச் சண்டையில் ஒரு மாதம் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

புதுக்குடியிருப்பு, தகவல் தொழினுட்ப ஆசிரியை:
எனக்கு இரண்டும் வேண்டாம். 'வொர்க்புளோ' என்றே விடுங்கள். திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் தொல்காப்பியரே இடம் கொடுத்தார், நாம் ஏன் கதவைச் சாத்த வேண்டும்? நாங்கள் ஒட்சிசன், ஐதரசன் என்று படிப்பிக்கிறோம். பிள்ளை இணையத்தில் தேடும்போது ஆக்சிஜன், ஹைட்ரஜன் வருகிறது. ஒரே மொழிக்குள் இரண்டு மொழி. மென்பொருள்களின் தமிழ் இடைமுகங்களில் 'பணிப்பாய்வு' ஏற்கெனவே புழங்குகிறது. நாம் 'ஒழுகை' என்று அச்சடித்தால், செயலாளர் அந்தச் சொல்லைத் திரையில் எங்கே போய்த் தேடுவார்?

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ரீச்சர், அதே தொல்காப்பியர் வடவெழுத்து ஒரீஇ, அதாவது வடமொழி எழுத்தை நீக்கி, என்றும் சொல்லியிருக்கிறார். வொர்க்புளோவில் எதை ஒருவி எதை வைப்பீர்கள்?

முல்லைத்தீவு, கமக்காரர் அமைப்புச் செயலாளர்:
நான் இந்தக் குழுவில் வாசிப்பதோடு சரி. ஆனால் கைந்நூல் எனக்காகத்தானே, அதனால் ஒன்று சொல்கிறேன். 'பாய்வு' எங்களுக்கு விளங்கும், விளங்குவதுதான் பிரச்சினை. துருசு திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் இறங்கும், மேலே திரும்பி வராது. எங்கள் படிவமோ தலைவரிடம் போய்த் திரும்பும், திருத்திக் கொடுத்தால் மறுபடியும் திரும்பும். அது பாய்வு இல்லை.

வயலுக்குத் தண்ணீர் விடும்போது நாங்கள் கேட்பது, இப்ப யாருடைய முறை என்றுதான். கூகிள் சீட்டிலும் நான் பார்ப்பது அதைத்தான்: இந்த வரி இப்போது யார் கையில் கிடக்கிறது, தலைவரிடமா, என்னிடமா? 'வேலைமுறை' என்று போட்டால் வேலையைச் செய்யும் விதமும் வரும், ஆளாளுக்கு வரும் முறையும் வரும்.

மாங்குளம், கணினிப் பயிற்றுநர்:
அண்ணை சொன்னதற்கு என் வாக்கு. நானும் 'கைமாற்று' என்று ஒன்று யோசித்து வைத்திருந்தேன். கடன் கேட்கிறேன் என்று நினைப்பார்கள் என்பதால் வெளியே விடவில்லை.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
முறை என்பது நீதி, முறை என்பது உறவு, முறை என்பது தடவை. கல்யாண வீட்டில் "என்ன முறை?" என்று கேட்பதும் அதுதான். ஒரு கலைச்சொல் இத்தனை பொருளைச் சுமக்கலாமா? கலைச்சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். அதோடு 'வேலைமுறை' என்றால் செயன்முறைக்கு என்ன செய்வீர்கள்?

புதுக்குடியிருப்பு, தகவல் தொழினுட்ப ஆசிரியை:
செயன்முறை ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று சொல்கிறது. இது யார், யாருக்குப் பிறகு என்று சொல்கிறது. அந்த வேறுபாட்டைச் செயலாளர் நம் எல்லோரையும்விடத் தெளிவாகப் பிடித்துவிட்டார். தலைப்பில் வேலைமுறை வரட்டும். முதல் தடவை பக்கத்தில் வொர்க்புளோ என்று எழுதுங்கள். பின்னிணைப்பில் பணிப்பாய்வையும் சேர்த்தால் திரையில் தேடுகிறவருக்கு உதவும்.

கிளிநொச்சி, கைந்நூல் தொகுப்பு:
நன்றி. வேறு யாரும் எழுதாததால் அப்படியே போடுகிறோம். ஐயாவின் ஒழுகை பின்னிணைப்பில் வரும். பாமினி அரைப் பக்கமும் உண்டு.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பின்னிணைப்பில் வேண்டாம். என் எதிர்ப்பைக் குழுவில் பதிந்துவைத்தால் போதும். இரண்டாம் பதிப்பு வரும்போது பேசுவோம்.

முல்லைத்தீவு, கமக்காரர் அமைப்புச் செயலாளர்:
ஐந்தாம் அத்தியாயத்தில் 'ஒத்திசைவு' என்று ஒரு தலைப்புக் கிடக்கிறது. சிக்னல் வந்ததும் படிவம் போய்ச் சேருவதைத்தான் சொல்கிறீர்களா, அல்லது கச்சேரி ஏதும் வைக்கப்போகிறீர்களா? எங்கள் ஊரில் கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம், அதனால் கேட்டேன்.