கைக்குட்டையில் கறுப்பு ஒட்டவில்லை என்றால் புகையில் ஒன்றுமே இல்லையா?

குவார்ட்ஸ்தாள்: "என் பிஎஸ்-6 வண்டிக் குழாயில் வெள்ளைக் கைக்குட்டையை 5 நிமிடம் பிடித்தேன், கறுப்பே ஒட்டவில்லை. இனி டீசல் புகையில் ஆராய ஒன்றுமில்லை" என்று லாரிக்காரர் நேற்று எழுதியிருக்கிறார். அதற்கு விசில் வேறு. குழாய் வாயில் புகை கொதிக்கும். எரியாத டீசலும் இன்ஜின் ஆயிலும் அங்கே பெரும்பாலும் ஆவிதான், துணி வழியே போய்விடும். ஆறும்போதுதான் கரித்துகள் மேல் படியும். அதனால்தான் ஆய்வகத்தில் சுத்தமான காற்றைக் கலந்து, 52 டிகிரிக்கு மேல் போகாமல் ஆற்றி, அப்புறம் வடிகட்டித் தாளில் பிடிக்கிறார்கள்.

லாரிக்காரர்: தம்பி, 22 வருஷமாக இன்ஜின் பிரிக்கிறேன். பழைய வண்டியில் இதே கைக்குட்டை தோசைக்கல்லைத் துடைத்த மாதிரி ஆகும். இப்போது வெள்ளை. கறுப்பு இல்லை, கார்பன் இல்லை.

குவார்ட்ஸ்தாள்: சர்க்கரை என்ன நிறம் அண்ணே? அதிலும் கார்பன்தான்.

லாரிக்காரர்: சர்க்கரையை நான் டேங்கில் ஊற்றுவதில்லை.

டைட்ரேஷன்ராணி: 52 இல்லை, 47. அமெரிக்க விதியைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

குவார்ட்ஸ்தாள்: 47, கூட்டவோ குறைக்கவோ 5. கூட்டிப் பாருங்கள் மேடம். ஐரோப்பாவில் கனரக இன்ஜினுக்கு 42 முதல் 52.

டைட்ரேஷன்ராணி: விதியில் எழுதியிருப்பது 47.

குவார்ட்ஸ்தாள்: "மேல் போகாமல்" என்றுதானே எழுதினேன்! சரி, அண்ணனுக்கு வருகிறேன். புகை பிடித்த குவார்ட்ஸ் தாளில் ஒரு சிறு துண்டை வெட்டி முதலில் ஆக்சிஜன் இல்லாமல் ஹீலியத்தில் சூடாக்குவோம். கரிமச் சேர்மங்கள் கிளம்பும். அப்புறம் ஆக்சிஜன் கலந்தால் கரி எரியும். இதில் ஒரு வம்பு: ஹீலியத்திலேயே கொஞ்சம் சேர்மம் கருகிக் கரியாகிவிடும். தாள் கறுப்பதை லேசர் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனில் வெளுத்து, ஒளி பழைய அளவுக்குத் திரும்பும் இடத்தில்தான் சேர்மத்தையும் கரியையும் பிரிக்கிறோம். இன்னொரு துண்டை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் ஊறவைத்தால் நைட்ரோபைரீன் என்ற கரிமச் சேர்ம வகைகள் வரும், டீசலின் கைரேகை மாதிரி. சாம்பலில் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ்: எல்லாம் ஆயில் கொடுத்த சீதனம். உங்கள் கைக்குட்டை இதில் எதைச் சொன்னது?

மஞ்சள்போர்டு: 2015-இல் வோக்ஸ்வாகன் கார் கம்பெனி புகைச் சோதனையில் ஏமாற்றி மாட்டியது இந்தத் துகளில்தானே?

குவார்ட்ஸ்தாள்: அது நைட்ரஜன் ஆக்சைடு. வேறு கதை.

மஞ்சள்போர்டு: கேட்டது தப்பா? இங்கே எல்லாரும் வாத்தியார்.

லாரிக்காரர்: 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையைப் புற்றுநோய்ப் பட்டியலில் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் தருவது உறுதி என்று வைத்தது. எதை வைத்து? சுரங்கத்திலும் ரயில்வேயிலும் பழைய இன்ஜின் புகையில் கிடந்தவர்களை வைத்து. இன்று டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10, குழாயில் வடிகட்டி. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

குவார்ட்ஸ்தாள்: வடிகட்டி கரியைப் பிடித்தால் கறுப்பு ஒட்டாதுதான். அதைத்தானே நானும் சொல்கிறேன்?

லாரிக்காரர்: நான் கேட்டது அது இல்லை. போன மாதம் யூரியா திரவம் பற்றிக் கேட்டபோதும் இப்படித்தான் நழுவினீர்கள்.

குவார்ட்ஸ்தாள்: யூரியாவை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? கைக்குட்டைக்கு வாருங்கள்.

டைட்ரேஷன்ராணி: முதல் பதிவைத் திருத்திவிட்டீர்கள். காலையில் படித்தபோது "மேல் போகாமல்" இல்லை.

குவார்ட்ஸ்தாள்: திருத்தினால் கீழே நேரம் காட்டும். எங்கே காட்டுகிறது?

டைட்ரேஷன்ராணி: 47.