பொருள்: வெற்றிடம் கசியுமா?

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை (திங்கள் காலை)

அன்புடைய கலைச்சொல் குழுவினருக்கு,

மோட்டார் வாகனத் திருத்துநர் பயிற்சிக்கான தமிழ்க் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பழைய டர்போ டீசல் கார்களின் வேக்கம் தொகுதியில் பழுதறிவது பற்றிய அத்தியாயத்தில் ஒரு சொல் என்னை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆங்கில மூலத்தில் 'வேக்கம் லீக்' என்று இருப்பதை 'வெற்றிடக் கசிவு' என்று எழுதியிருந்தேன். சென்ற வாரம் அந்தப் பக்கங்களை வகுப்பில் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு மாணவர், பிறேக் மிதிக்கு வலுச்சேர்க்கும் பூஸ்டருக்குச் செல்லும் குழாயில் சவர்க்கார நுரையைப் பூசிவிட்டு, குமிழி எழவில்லை, ஆகவே கசிவு இல்லை என்று எழுதித் தந்தாராம். குழாயிலோ வெடிப்பு இருந்தது. கசிவு என்றால் உள்ளிருப்பது வெளியே வருவது என்று அவர் எடுத்துக்கொண்டதில் குற்றமில்லை. குற்றம் என் சொல்லில் இருக்கிறது. மாற்றுச் சொல் தந்து உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை (திங்கள் மாலை)

அம்மா, குற்றம் 'கசிவு' என்ற சொல்லில் மட்டுமன்று. வெறுமை என்னும் பண்புப்பெயர் ஈறு கெட்டு, தன்னொற்று இரட்டி, 'இடம்' என்பதோடு புணர்ந்து 'வெற்றிடம்' ஆயிற்று, இலக்கணத்தில் பழுதில்லை. ஆயினும் நம் நாட்டில் அச்சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் தோன்றுவது ஆசிரியர் வெற்றிடமும் எழுதுநர் வெற்றிடமும் அல்லவா? அவை கசிவதில்லை; நிரப்பப்படுகின்றன, அதுவும் பல ஆண்டுகள் கழித்து. நிகழ்வது யாதெனில், வெளியிலுள்ள வளி குழாய்க்குள் புகுகிறது. எனவே 'வளிப்புகவு' என்று ஆளலாம். வளி பழஞ்சொல். 'வளிதொழில் ஆண்ட உரவோன் மருக' என்று புறநானூற்று 66ஆம் பாட்டு கரிகாலனின் முன்னோனைப் போற்றுகிறது. காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியவனுக்கு உரிய சொல், காற்றமுக்கத்தை ஏவல்கொண்டு பிறேக் பிடிக்கும் காருக்கும் உரியதே. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பழைய வழக்கில் 'புகவு' உணவையும் குறிக்கும். காற்றை உண்டு வாழ்வதாகப் பழங்கதை சொல்லும் பாம்பைப் போல அந்தக் குழாயும் வளியைப் புகவாகக் கொள்கிறது என்று மாணவருக்கு விளக்கினால் மறக்கமாட்டார்கள்.

பௌதிக ஆசிரியர், பம்பலப்பிட்டி (திங்கள் இரவு)

குழாய் பாம்பானதை ரசித்தேன். ஆனால் அந்தக் குழாய்க்குள் வெற்றிடம் என்ற ஒன்று இருப்பதேயில்லை. கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 30 அங்குல இரசம்; குழாயின் அமுக்கம் அதைவிட எவ்வளவு குறைவு என்று காட்டும் மானியின் முள் 20 அங்குலத்தில் நிற்கும்போது மூன்றில் ஒரு பங்கு வளி இன்னும் உள்ளேயே இருக்கிறது. பூஸ்டரின் றப்பர் மென்றகட்டை (டயபிரம்) வெற்றிடம் இழுப்பதுமில்லை. மறுபுறத்திலிருந்து வளிமண்டலம் தள்ளுகிறது. ஆகவே 'தாழமுக்கம்' என்பதே சரி. வங்காள விரிகுடாவில் அது உருவாகியிருப்பதாக மாரிதோறும் வானொலியில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அகராதி தேவையில்லை.

சென்னை உறுப்பினர் (செவ்வாய் காலை)

எங்கள் ஊரில் அமுக்கம் என்றால் மனத்தில் உள்ளதை வெளிக்காட்டாத ஆளின் குணம். 'அழுத்தம்' என்று வைத்தால் இரு கரைக்கும் பொதுவாக இருக்கும்; தாழ்வழுத்தம் எனலாமே?

தமிழாசிரியர் (செவ்வாய் காலை)

அமுக்கத்தை விட்டுக்கொடுப்பதற்கில்லை. எங்கள் பாடநூல்களில் தலைமுறைகளாக நிலைத்த சொல் அது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் காலத்திலிருந்து, கலைச்சொல்லுக்கு நாங்கள் அக்கரையின் அனுமதியை எதிர்பார்த்ததில்லை.

பயிற்சி நிலையப் போதனாசிரியர், மருதானை (செவ்வாய் நண்பகல்)

சேர்மாரே, வணக்கம். அந்த மாணவர் என்னுடைய வகுப்பில் இருப்பவர். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தமிழ்ப் பையன்களும் வேக்கம் பைப், வேக்கம் லீக் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். எந்தச் சொல் வந்தாலும் அந்த வழக்கம் மாறப்போவதில்லை. எனக்கு வேண்டியது காற்றின் திசையைச் சொல்லும் சொல். டர்போ டீசலில் அது உயிரான விடயம்.

டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பெரிய குழாயில் வளி நெருக்கப்பட்டிருக்கும். அங்கே வெடித்தால் வளி வெளியே சீறும், கரும்புகை வரும், சவர்க்கார நுரை குமிழியிடும். வேக்கம் குழாயில் எல்லாம் தலைகீழ்: நுரையே உள்ளே உறிஞ்சப்படும். பெற்றோல் எஞ்சினைப் போல உள்ளெடு குழாயிலிருந்து வேக்கம் கிடைக்காததால் டீசலுக்குத் தனிப் பம்பி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரே பம்பியைத்தான் பிறேக்கும், புகை மீள்சுற்று வால்வும், சில கார்களில் டர்போவின் இதழ்களை அசைக்கும் இயக்கியும் பகிர்ந்துகொள்கின்றன. அத்தகைய டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாய் வெடித்தால் சமதரையான காலி வீதியில் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றத்தில் கார் மூச்சுவாங்கும்போதுதான் தெரியவரும். பழைய பென்ஸ் 300டி டர்போவில் சாவியைத் திருப்பிய பிறகும் எஞ்சின் நிற்காமல் ஓடினால் எரிபொருள் பம்பியைக் கழற்றுவதற்கு முன்னர் வேக்கத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் காரில் எஞ்சினை நிறுத்துவதும் கதவைப் பூட்டுவதும் வேக்கமே. ஒருவழி வால்வும் பழுதாகியிருந்தால், கதவுப் பூட்டிலுள்ள வெடிப்பே எஞ்சினை நிற்கவிடாமல் செய்துவிடும்.

பரிசோதனை எளிது. எஞ்சினை நிறுத்தி, பிறேக் மிதி இறுகும்வரை சில தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் மிதி சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஒவ்வொரு கிளைக்கும் கைப்பம்பியைப் பொருத்தி, 20 அங்குலம்வரை இழுத்துவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். எந்தக் கிளையில் முள் விழுகிறதோ, பழுது அங்கே.

வளிப்புகவு அழகான சொல், ஆனால் ஓர் ஆபத்து உண்டு. டீசலில் எரிபொருள் குழாயிலும் வளி புகும். 'எயர் இழுக்குது' என்று நாங்கள் சொல்வது அதைத்தான். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் பையன் தாங்கியில் தொடங்கி வடிகட்டிவரை கழற்றிவிடுவான்.

தமிழாசிரியர் (செவ்வாய் மாலை)

போதனாசிரியர் தம்பியின் தடை நியாயமானது. புகவை மீளப் பெற்றுக்கொள்கிறேன். 'உட்கசிவு' ஆகுமா என்று பார்க்கலாம். உள் என்பது திசையைக் காட்டிவிடுகிறது. கசிவு நீர்மத்துக்கே உரியது, வளிக்கு ஆகாது என்ற உறுத்தல் எனக்கு இருக்கத்தான் செய்கிறது.

பௌதிக ஆசிரியர் (செவ்வாய் இரவு)

உட்கசிவை ஏற்கிறேன். முன்னொட்டு மட்டும் தாழமுக்கம் என்று இருக்கட்டும்.

போதனாசிரியர் (புதன் காலை)

சேர், வகுப்பில் தாழமுக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். பின்வரிசையில் ஒருவர், மழை எப்போது என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை (வியாழன் இரவு)

அனைவருக்கும் நன்றி. நேரம் முடிந்துவிட்டதால் பெரும்பான்மையை ஏற்று, வேக்கம் குழாய்க்கு 'வெற்றிட உட்கசிவு' என்றும் டர்போக் குழாய்க்கு 'நெருக்குவளி வெளிக்கசிவு' என்றும் எழுதி, முதலில் வருமிடத்தில் மட்டும் 'வேக்கம் லீக்' என்று பிறைக்குறிக்குள் சேர்த்திருக்கிறேன். நுரைப் பரிசோதனை இரண்டாவதற்கு மட்டுமே உரியது என்று ஒரு வரி கூட்டியுள்ளேன். சென்னை நண்பரின் அழுத்தத்தை இந்தப் பதிப்பில் சேர்க்க இயலவில்லை. கருவியின் பெயரை 'வெற்றிடமானி' என்றே விட்டுவிட்டேன்.

பௌதிக ஆசிரியர் (வெள்ளி, அதிகாலை)

வெற்றிடமானி என்று அச்சிட்டால், முள் 20 இல் நிற்கும்போது எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்று எந்த மாணவராவது கேட்பார். அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? தாழமுக்கமானி என்று மாற்ற, அச்சகம் திறக்க இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கிறது.